பல் உடைந்த சீப்பு

குறிகட்டுவான் பஸ்ஸில் யன்னல் கரை எனக்கு.
குலுக்கலில் வரைய ஏலாது, பார்க்கலாம்.
பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து
யோகட் மூடியில் நீலம் பிதுக்கினால்
சோளகம் அதற்குமேல் தோல் போர்த்திவிடும்.
அக்ரிலிக்குக்குப் பொறுமை இல்லை.
எனக்கும்தான்.

திருநெல்வேலிக் கடையில் ஒரு தூரிகை வாங்கினேன்.
முடி கொட்டி வானம் முழுக்க மயிர்.
அதன்பிறகு
சூப்பிய பனங்கொட்டைத் தும்பைக்
குடைக்கம்பி நுனியில் இறுக்கிக் கட்டினேன்,
பற்றைகள் அதற்குத்தான் பணியும்.
உப்பளத்து வெள்ளையை வழித்திழுக்க
முடிந்துபோன ரீலோட் அட்டை.
சேற்றுக்குச் சைக்கிள் ரியூப் துண்டு.

அலைக்குச் சீப்பு.
பஸ் சீற்றில் யாரோ விட்டுப்போனது,
நடுவில் மூன்று பல் இல்லை.

ஈர நீலத்தில் ஒரே இழுப்பு.
அலைகள் வந்தன. அவற்றுக்கு நடுவே
அலையே இல்லாத ஒரு கீற்று,
கரையிலிருந்து கரைக்கு.
வழிக்கப்போன கை நின்றது:
புங்குடுதீவுத் தாம்போதி.
நான் வரைய மறந்தது.

பிறகு மன்னார் வரைந்தேன், திருகோணமலை வரைந்தேன்,
எல்லாக் கடலிலும் அதே தெரு.
கந்தோரில் சுகிர்தமலர் கேட்டாள்,
"திருகோணமலையில எங்கயடி இப்பிடி ஒரு பாதை?"
இல்லைத்தான்.
"பஸ் போகுது பார்" என்று
நெருப்புக்குச்சியால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
கை சும்மா இருக்காமல்
எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று.

இப்போது ஒன்று ஒதுங்க வேண்டும்.
எங்கே ஒதுங்குவது, இரண்டு பக்கமும் கடல்.
யோசிப்பதற்குள்
காய்ந்து போச்சு.