விதைக்காகிதம்

முந்நூறு அழைப்பிதழ். கையால் செய்த காகிதம்.
"படித்ததும் மண்ணில் புதையுங்கள், செண்டுமல்லி பூக்கும்"
என்று அடியில் பொடியெழுத்து.
தமயந்தி கேட்டது அது. அப்புறம் மேடை வேண்டாம்,
தேயிலைச் சரிவே போதும் என்றாள்.
ரெஜினால்ட் கேட்டது ட்ரோன்.

கோத்தகிரியில் நான் நடத்தவிருந்த பதினேழாவது கல்யாணம்.
சாமைப் பாயசம், வாடகைக் கம்பளி,
வண்டிகளுக்கு இ-பாஸ் எடுத்துத் தர ஒரு பையன்,
மூடுபனி இறங்கினால் நான்கு மணிக்குப் படம்,
இறங்காவிட்டால் நாலரை.

பதினொரு நாள் இருக்கையில் போன் வந்தது.
"அக்கா, வேண்டாம்."
எது வேண்டாமென்று பட்டியலைப் புரட்டினேன்.
அவள் பேசாமல் காத்திருந்தாள்,
எனக்குப் புரியும்வரை.

அன்று முழுக்க ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
காரணம் கேட்டார்கள்.
அறை வாடகை திரும்ப வருமா என்றார்கள்.
அரவேணு போஜன் சார்தான் கொஞ்சம் இழுத்து,
"நட்டுட்டேனேம்மா. முளைச்சும் போச்சு.
இப்ப என்ன செய்யறது?"

ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.
"தண்ணி ஊத்துங்க சார்."

முகூர்த்த நாளில் ஒரு படம் அனுப்பினார்.
வேலி சாய்ந்து கிடக்க, பாத்தி மொட்டையாக,
பெரிய கறுத்த பின்புறம் ஒன்று
அவசரமில்லாமல் தேயிலைக்குள் போகிறது.
காட்டெருமை.
கீழே எழுதியிருந்தார்:
"ஒருத்தர் மட்டும் வந்து சாப்பிட்டுப் போனார்."

அனுப்பலாமா கூடாதா என்று
மூன்று நாள் வைத்திருந்துவிட்டு
தமயந்திக்குத் தட்டிவிட்டேன்.
நீலக்குறி விழுந்தது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.

இரவு பதினொன்றரைக்குப் பதில்:
"மொய் வெச்சாரா?"