கீழே ஒரு காசு

ஸ்டெதாஸ்கோப் டாக்டருடையது.
எக்ஸ்ரேவுக்கு தர்மபுரி பஸ் பிடிக்கணும்.
மாரண்டஅள்ளி தாண்டி, இந்தப் பள்ளிக்கூட முகாமில்
என் கையில் இருப்பது
ஓர் ஐந்து ரூபாய்க் காசு.

தரையில் போடுவேன்.
முட்டி மடங்காமல் எடுக்கச் சொல்வேன்.
அப்புறம் மோவாய் நெஞ்சைத் தொடணும்.
அப்புறம் இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால் கோக்கணும்.
மூன்று கட்டம். டிக், இல்லை இன்ட்டு.
காசுக்கார நர்ஸ் என்கிறார்கள் என்னை.
நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன்.
சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

முனிரத்தினம், நாற்பத்தொன்று,
பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை ஏற்றுகிறவர்.
காசைப் பார்த்தார். குனிந்தார்.
கீல் துருவேறிய கதவு மாதிரி
பாதியில் நின்றது முதுகு.
'அஞ்சு ரூபாதானுங்களே, கெடக்குது வுடுங்க.'
வரிசை சிரித்தது, நானும்தான்.
சிரித்துக்கொண்டே இன்ட்டு போட்டேன்.

அடுத்து சின்னப்பிள்ளை.
குந்தி உட்கார்ந்து காசை எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
'எடுத்தாச்சில்ல?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
திரும்ப வாங்குவதற்குள்
கால் மணி நேரம் போய்விட்டது.

குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம்.
கலர் பாட்டிலில், எண்ணெய் பாட்டிலில்,
ஒருவர் இருமல் மருந்துக் குப்பியில், லேபிளோடு.
ஐந்து மில்லிக்கு ஐந்து சொட்டு.
இளஞ்சிவப்பாய் நின்றால் குடிக்கலாம்.
மஞ்சளாய்ப் போனால் கூடாது.
மஞ்சள் பூசாமல் எதையும் தொடங்காதவர்களிடம்
அதை எப்படிச் சொல்வது?
நாலு போரில் மூன்று மஞ்சள்.

போன முகாமில் அனுப்பிய பச்சியண்ணன்
படத்தோடு வந்திருந்தார்.
டாக்டர் நிலோஃபர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
முன்கை.
இரண்டு எலும்புக்கும் நடுவே,
எதுவும் இருக்கக் கூடாத இடத்தில்,
ஓடையில் சீமைக்கருவேல் ஏறுகிற மாதிரி
வெள்ளை வெள்ளையாய் முள்.
'நல்லா வெள்ளையாத்தான் இருக்கு எலும்பு,
பலந்தானுங்களே?'
டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்,
போகவில்லை, திருப்பிப் போட்டார்.

நாலரை.
பெட்டியைக் கட்டும்போது காசு உருண்டு
பெஞ்சுக்கு அடியில் போனது.
முட்டி மடக்காமல்தான் குனிந்தேன், பழக்கம்.
கை போனது,
இன்னும் கொஞ்சம் போனது,
அங்கேயே நின்றது.
முப்பத்தாறு வயது எனக்கு.
இன்னொரு முறை முயன்று பார்க்கவில்லை.
குந்தி உட்கார்ந்து எடுத்தேன், சின்னப்பிள்ளை மாதிரி.
டாக்டர் அந்தப் பக்கம்
செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்.
கிட்டைத் திறந்து பார்த்தேன்: மூன்று சொட்டு மிச்சம்.
ஒரு சோதனைக்கு ஐந்து வேண்டும்.
தாகமாக இருந்தது.
வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலின் மூடியைத் திருகி
முதல்முறையாக
மோந்து பார்த்தேன்.
தண்ணீர் வாசம்கூட இல்லை.