ஒரு மணி நேரம்

ஜூன். புந்தா அரேனாஸில்
காலை ஒன்பதுக்கும் ஜன்னல் கறுப்பு.
நண்டு ஏற்றுமதி அலுவலகத்தில்
பதினொரு கணினிகள் டொமைனுக்குள் போய்விட்டன.
நெல்டா வுகசோவிச்சின் கணினி மட்டும் வாசலில்.

கேபிளை மாற்றினேன். பெயரை மாற்றினேன்.
டிஎன்எஸ் எண்களை வாய்விட்டு வாசித்தேன்.
கடவுச்சொல் கேட்கிறது, வாங்கிக்கொள்கிறது,
பிறகு யார் நீ என்கிறது.

சாண்டியாகோவில் சர்வரைப் பார்ப்பவன்
போனில் கொட்டாவி விட்டபடி சொன்னான்:
"உங்க மிஷின் ஒரு மணி நேரம்
முந்தியே வந்து நிக்குது."

"நான்தான் திருப்பி வைத்தேன்"
என்றாள் நெல்டா, கோட்டைக் கழற்றாமலே.
"குளிர் வந்தால் தலைநகரம்
கடிகாரத்தைப் பின்னே தள்ளும். நாங்கள் தள்ளமாட்டோம்.
இது தினமும் அவர்கள் நேரத்தையே காட்டியது.
நான் உட்கார்ந்திருப்பது இங்கேதானே?"

ஊர்ப் பட்டியலில் இறங்கி இறங்கி
எங்கள் ஊரைப் பிடித்தேன்.
இப்படி ஒரு வரி இருப்பதே
எனக்கு இன்றுதான் தெரியும்.
முள் இன்னுமொரு மணி தாவியது.
அதைப் பின்னுக்கு இழுத்தேன்.
ஒன்பது நாற்பது:
அவள் வைத்திருந்த அதே இடம்.

நல்வரவு என்றது திரை.
அவள் கெட்டிலருகே யாரிடமோ
நண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள்.