மீதி நாற்பது மில்லி

முத்தையன்கட்டு இடதுகரை.
தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில்
ஸ்கூட்டிப் பெட்டிக்குள் உருளத் தொடங்கும்
மண்ணிற மோர்பின் போத்தல்.
நாலரைக்குள் திரும்பவேண்டும்.
வழியில் யானை விட்டை, இன்னும் சூடாக.

நாகபூசணிக்குக் கருப்பை வாசலில் புற்று.
தெல்லிப்பழைக்கு மூன்று பஸ் மாறி
ஏழுதரம் போய்வந்தவர்.
எட்டாம் தரம்
"இனி வீட்டை கொண்டுபோங்கோ" என்றார்களாம்.
வீடு என்பது
பாதி ஓடு, பாதி படங்கு.

பூச்சியத்திலிருந்து பத்துவரை
நோவுக்கு ஒரு எண் சொல்லுங்கோ அம்மா.
கூரையைப் பார்த்தார்.
"பத்தை நான் மாத்தளனில விட்டிட்டு வந்தனான்.
மயக்க மருந்தில்லாமல்
என்ர பெடியன்ர காலை எடுத்தவை.
ஆறெண்டு போடு பிள்ளை."
நான் ஒன்பது போட்டேன்.

மகள் தர்மினிக்குச் சிரிஞ்சில் கோடு காட்டினேன்.
நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.
ராத்திரி இரண்டுக்கு போனில் அலாரம் வை.
வயிறு இறுகும், பப்பாசிப்பழம் கொடு.
"பழகிப்போயிடுமோ மிஸ்?"
பழகட்டும் என்றேன்.
மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை, படலை திறக்க முன்னமே குரல்:
கதிரையில் இருந்து நாகபூசணி
கோழிக்கு ஏசிக்கொண்டிருந்தார்,
முட்டையை வேலிக்கு அங்கால இடுகிறதாம்.
என் பதிவேட்டில்
அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

ஐப்பசி மழையில் மதகு உடைந்த கிழமை
நான் போகவில்லை.

அந்தியேட்டி முடிந்து
தர்மினி கிளினிக்குக்கு வந்தாள்.
ஷொப்பிங் பைக்குள் துவாய், துவாய்க்குள் போத்தல்.
மீதி நாற்பது மில்லி.
"நித்திரையிலதான் போனவ மிஸ்."
ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி
மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கினேன்.

அவள் எழும்பவில்லை.

"எங்கட வளவுக்குப் பின்னால,
வாய்க்கால் தாண்டி ஒரு வீடு.
கந்தப்பு எண்டு ஒராள். தாடையில வீக்கம்.
ராவில கத்துறது கேக்குது.
முந்தி,
அம்மான்ர சத்தத்தில கேக்கேல்லை."

சுவரில் எங்கள் பிரிவின் வரைபடம்.
வாய்க்காலுக்கு அப்பால் வெறும் பச்சை.
ஒரு வீட்டுக்கும் இலக்கம் போடவில்லை.
டொக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.
மருந்து எழுத அவர் வேண்டும்;
போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

"ஸ்கூட்டி போகுமோ?"
"வாய்க்கால் மட்டும் போகும். பிறகு நடக்கவேணும்."

மணி ஒன்று பத்து.
திறப்பை எடுத்தேன்.
யானைக்கு இன்னும் நேரமிருக்கிறது.