எட்டுத் துடுப்பு

டன்கெர்க்கில் எங்கள் டயர்க் கடை
துறைமுகச் சுவருக்குப் பின்புறம்.
நவம்பர் காற்று இரவெல்லாம்
ஷட்டரின் அடியில் ஒரு பிடி மணலைத் தள்ளிவிட்டுப் போகும்.
காலையில் பெருக்குவேன்.
மறுநாளும் அதே ஒரு பிடி.

ஒதீல் வெர்ஹேக் வந்தார்.
முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ஓய்வு பெற்ற முதல் மாதமே
பழைய குவாட் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.
“துடுப்பு டயர் வேண்டும். பன்னிரண்டு துடுப்பு.”

இங்கே மணல்மேட்டில் ஏற்றினால் அபராதம் என்றேன்.
வேலிக்கு உள்ளே
புல்லுக்கும் முயலுக்கும் மட்டும்தான் இடம்.
“இங்கே யார் ஓட்டப் போகிறார்கள்? மொராக்கோ.”
நெய்தலில் வாங்கிப் பாலையில் ஓட்டுகிறவர்.
நல்லது.

எஞ்சின்?
நானூற்றைம்பது.
எடை?
“வண்டியுடையதா?”
உங்களுடையது.
முப்பது டன் பெட்டியைக் கண்ணாலேயே எடை போட்டவர்
ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
“ஐம்பத்தெட்டு. பூட்ஸோடு அறுபது.”

எட்டுப் போதும் என்றேன்.
பன்னிரண்டும் அள்ளும்தான்,
அள்ளியதைத் தூக்கி எறிய எஞ்சினுக்கு மூச்சு வேண்டாமா?
பாதி மேட்டில் விக்கும்.
விக்கினால் மேடு உங்களைத் திருப்பி அனுப்பாது,
உருட்டி அனுப்பும்.
முன்சக்கரத்துக்குத் துடுப்பே கூடாது.
வழவழ ரப்பர், நடுவே ஒரே ஒரு வரப்பு.
பின்னது தள்ளட்டும், முன்னது சுக்கான் பிடிக்கட்டும்.
தார்ச் சாலையில் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள்,
டிரெய்லரில் ஏற்றிப் போங்கள்.

காற்று எவ்வளவு என்றார்.
கட்டைவிரலால் அழுத்தினால்
பழுத்த மாம்பழம் போல் அமுங்க வேண்டும் என்று
நாக்கு வரை வந்தது.
காமம்பேர் சீஸ் என்றேன்.
உடனே புரிந்துகொண்டார்.

வெள்ளி மாலை, கடை மூடும் நேரம்.
தரையில் படுத்துக் கிடந்த டயரின் விலாவில்
அம்புக்குறி பார்த்து
நான்தான் மாட்டினேன்.

பதினாறு நாள் கழித்து போன்.
“தய்வா” என்றார்
(தெய்வானையில் அவ்வளவுதான் இந்த ஊரில் மிச்சம்).
“உன் எட்டுத் துடுப்பு கிணறு வெட்டுகிறது.”
வண்டி அச்சு வரை இறங்கிவிட்டதாம்.

ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

வந்தது.
துடுப்பின் குழிகள் எல்லாம்
பார்க்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.
படுத்திருந்த டயரில் முன்னால் போன அம்பு
நிமிர்ந்த டயரில் பின்னால் போகிறது.
கிணறு வெட்டியாகிவிட்டது.
பூதம் நான்தான்.

தப்பு என்னுடையது என்றேன்.
எதிர்முனையில் காற்று மட்டும்.
எங்கள் ஷட்டரில் அடிக்கும் காற்றைவிட
அது கொஞ்சம் கட்டைக் குரல்.
“சரி. இங்கே டயர்க் கடைக்கு நான் எங்கே போவது?”

கடை வேண்டாம்.
ரப்பரைத் தொட வேண்டாம்.
பின்னால் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி
வலப்பக்கம் மாட்டுங்கள்,
வலதை இடதில்.
பக்கம் மாறினால் திசை மாறிவிடும்.
பக்கத்துக்கு நாலு நட்டு.

“அவ்வளவுதானா?”
அவ்வளவுதான்.

அன்று மூன்று காருக்கு எண்ணெய் மாற்றினேன்.
ஒன்றுக்கு மூடி போட மறந்து, ஓடிப்போய்ப் போட்டேன்.
ஐந்து மணிக்கு ஒரே வார்த்தை வந்தது:
“ஏறியது.”

டிசம்பரில் சாதாரண டயர் மாட்டக் கொண்டு வந்தார்.
துடுப்பின் மடிப்புகளிலிருந்து
சிவந்த மணல் பொலபொலவென்று கொட்டியது.
இப்போதெல்லாம் டயரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான்
அம்பைப் படிக்கிறேன்,
ஒதீல் அருகில் நின்று, குனிந்து,
தானும் ஒரு முறை படித்தார்.

கழற்றும்போது எண்ணினேன்.
எட்டு நட்டில் ஏழுதான் திரும்பி வந்திருந்தது.
எட்டாவதற்கு நான் காசு கேட்கவில்லை.
அவரும் தள்ளுபடி கேட்கவில்லை.