இருப்பு

ராத்திரி ஒரு மணிக்கு வெண்டை ஏழு மூடை.
ஒன்றேகாலுக்குத் தடியங்காய்.
புளியரை தாண்டிப் போகிற லாரிக்குச்
சீனியவரை, பல்லாரி,
பனி காயாத புடலை.
பாவூர்சத்திரம் மண்டியில் பதினோரு வருஷமாக
எடை எழுதுகிறவள் நான்.
எங்கள் கடைக் கத்தரிக்காய் ஒன்றுகூட
என் பேனாவைத் தாண்டாமல் மலை ஏறியதில்லை.

விடியக்காலம் ரெண்டு புரோட்டா, சால்னா.
மத்தியானம் சோறு, ரசம், ஓர் அப்பளம்.
இடையில் டீ.
எத்தனை டீ என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.
சிந்தின காயை எல்லாரும் அள்ளிப் போவார்கள்.
நான் தொடமாட்டேன்.
கணக்கு எழுதுகிற கை
சரக்கில் படக்கூடாது என்று ஒரு வீம்பு.

வியாபாரிகள் சங்கத்தின் ரத்ததான முகாமில்
வரிசையில் நின்று நானும் விரலை நீட்டினேன்.
ஜெபக்கனி குத்தினாள்.
கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர்;
அதில் ஒரு சொட்டு விட்டாள்.
எனக்கு முன்னால் நின்ற உச்சிமாகாளியின் சொட்டு
கல் மாதிரி இறங்கியிருந்தது.
(மூடை தூக்குகிற நேரமெல்லாம்
வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டே இருப்பான்.)
என்னுடையது மிதந்தது.

"எடை காணாதுக்கா" என்றாள்.
என்னிடம். எடை காணாது என்று.

மறுவாரம் தாளில் வந்தது கணக்கு:
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது.
இரும்பு, கிட்டங்கியைத் தூத்துவிட்ட மாதிரி.
ஃபோலேட், அடிமட்டம்.
பி பன்னிரண்டு, அதற்கும் கீழே.
வரிவரியாகப் படித்தேன்.
வரவே இல்லாமல் செலவு எழுதிய கடை
இத்தனை நாள் எப்படித் திறந்து கிடந்தது?

ஜெபக்கனி சொன்னதை
எனக்குப் புரிகிற பாஷையில் எழுதிக்கொண்டேன்:
வைட்டமின் சி மல்லித்தழை மாதிரி,
தேங்காது, அன்றாடம் இறக்க வேண்டும்.
மஞ்சள் பூசணியும் கீரையும் தருகிற ஏ சத்து
சேனைக்கிழங்கு மாதிரி,
ஈரல் கிட்டங்கியில் மாசக்கணக்கில் கிடக்கும்.
கீரையின் இரும்பு சீக்கிரம் உள்ளே நுழையாது,
எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வந்தால்
கதவு திறக்கும்.
டீ வந்தால் சாத்திக்கொள்ளும்.

அன்றைக்கு ராத்திரி சில்லறைப் பக்கத்தில்
முதல் தடவையாக என் பேரை எழுதினேன்:
முருங்கைக்கீரை ரெண்டு கட்டு, அவரை கால் கிலோ,
ஆவுடைத்தங்கம், பற்று.
முதலாளி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு தினமும்.
தினமும் என்றால்
ஆடி அமாவாசையும் தினம், தலைவலியும் தினம்.
வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் விட்டேன்.
கூட்டாஞ்சோற்றில் காய் பாதி, சோறு பாதி.
டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன்;
அந்த ஒரு மணி நேரம்
யாரைக் கண்டாலும் எரிச்சல்.
டாக்டர் தந்த இரும்பு மாத்திரையும் விழுங்கினேன்,
காய் மட்டும்தான் என்று பொய்க்கணக்கு எழுதமாட்டேன்.

ஒரு மாசம் ஒன்றும் தெரியவில்லை.
சிவப்பணுவுக்கு ஆயுசு நாலு மாசமாம்,
பழைய சரக்கு தீரத் தீரத்தான் புதுசு நிறையும்.
மூணாம் மாசம்
மாடிப்படி ஏறி முடித்துத்தான் ஞாபகம் வந்தது,
நடுவில் நான் நிற்கவில்லை.

அடுத்த தாள்: பதினொன்று புள்ளி நாலு.
ஃபோலேட் மட்டத்துக்கு வந்துவிட்டது.
பி பன்னிரண்டு மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது.
"அது காய்கறியில கிடையாதுக்கா.
முட்டை, மீன், பாலு."
எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.
நூறு தினுசு இறங்குகிற மண்டி,
இந்த ஒரு சரக்கு இங்கே வராது.
அன்று சாயங்காலமே சாளை வாங்கினேன்.

மறுபடி முகாம். மறுபடி நீலத் தண்ணீர்.
என் சொட்டு இறங்கியது,
பாதி வழியில் நின்றது,
யோசித்தது,
மெதுவாக மேலே வந்தது.
"இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் ஜெபக்கனி.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.
பாகற்காய் நாலு மூடை இறங்கியிருந்தது.
அதை எழுதும் முன்னால், ஓரத்தில்,
அந்தப் பாதி வழியை எழுதினேன்.