இடிபாட்டு மதிப்பீடு

மண்ணடியில், லாரி நுழையாத சந்தில்,
இருபத்தாறாம் எண் வீட்டை அளக்கப் போனேன்.
என் பிழைப்பு அதுதான்.
கதவுக்கு இவ்வளவு, பர்மா தேக்குக்கு இவ்வளவு,
கம்பி இல்லாத வீடென்றால் அதற்கொரு கழிவு,
மீதிக்குக் குப்பை என்று எழுதிக் கோடு போடுவேன்.

உள்ளே புதுக் கட்டடத்தின் வரைபடம் விரித்திருந்தது.
எட்டு மாடி. முகப்பு முழுக்கச் செடி.
செடிக்குப் பிளாஸ்டிக் தொட்டி,
தொட்டிக்குக் குழாய், குழாய்க்கு மோட்டார்,
மோட்டாருக்கு மின்சாரம்.
மின்சாரத்துக்கு எண்ணூர் என்று
அதில் யாரும் குறிக்கவில்லை.
"இயற்கையோடு சேர்ந்த வடிவமைப்பு.
இந்தப் பக்கத்தில் இதுதான் முதல்" என்றார் ஷெரின்.
நல்ல மனசு. இடியப்போகும் வீட்டுக்குள்ளும்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

மே மாதம், பகல் ஒன்றரை.
நடையில் நின்றதும் முதுகில் சட்டை உலர்ந்தது.
சுவரில் கை வைத்தேன்,
தண்ணீர்ப் பானையின் அடிவயிறு.
உத்தரத்துக்குக் கீழே துளைகள்,
முழத்துக்கு ஒன்றாக, தெரு நெடுக.
காற்றுக்கா, குருவிக்கா?
ஒன்றில் வைக்கோல் தொங்கியது.

உளியால் ஒரு தட்டு.
பொடியோடு விழுந்தது
வெந்தும் வேகாத ஓர் ஆளி ஓடு,
உட்புறம் இன்னும் மினுங்கிக்கொண்டு.

கழிமுகத்தில், உப்பும் நன்னீரும் தடவும் இடத்தில்
ஏதோ ஒரு மெத்தென்ற உடம்பு
தனக்கு வீடு கட்டிக்கொண்டது.
அந்த வீட்டைச் சூளையில் சுட்டு,
கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்து,
கருப்பட்டி கரைத்து ஊற்றிப் புளிக்கவிட்டு
இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.
அதற்கொரு பெயர் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.
கூலி வாங்கினார்கள்; சிலருக்கு அதுவும் பாக்கி.
சூளைப் புகையில் இருமியவர்களை
எந்தச் சுவர் சொல்லும்?

பூசிய பிறகும் சுண்ணாம்பு ஓயவில்லை.
காற்றை உறிஞ்சி உறிஞ்சித்
திரும்பக் கல்லாகிக்கொண்டிருந்தது,
வந்த வழியே ஓட்டை நோக்கி.
சுத்தியலோடு நாங்கள் நிற்கும்போது
அதன் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

குப்பை, பதினேழு லோடு என்று எழுதினேன்.

லாரிக்காரர் தேசப்பன் காட்டுக்குப்பத்து ஆள்.
ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"சிமெண்டு இல்ல சார் இது.
இத்த கொடுங்கையூர்ல கொட்டாத.
நம்மாண்ட ஆத்துல ஆளி ஒக்கார எடமே இல்ல,
அடி பூரா சாம்பல்,
கால வெச்சா முட்டி வரிக்கும் போவுது.
இத்தப் போட்டா ஒக்காரும்."
"நிச்சயமாவா?"
"ஒக்காந்தா ஒக்காரும்."

இரண்டு லோடு ஆற்றுக்குப் போனது.
பதினைந்து, கொடுங்கையூருக்கே.
ரசீதில் அந்த இரண்டை எப்படிக் காட்டுவது?
'வீடு மாற்றம்' என்று எழுதிவிட்டேன்.
ஆடிட்டர் சிவப்பில் சுழித்திருக்கிறார்.

மார்கழியில் தேசப்பன் படம் அனுப்பினார்.
கை நடுங்கிய படம், பின்னால் புகைபோக்கிகள்.
சுண்ணாம்புக் கட்டியில் நகக்கண் அளவுக்கு மூன்று.
நான்காவது வெறும் சேறாகவும் இருக்கலாம்.

ஷெரினுக்குத் தள்ளிவிட்டேன்.
இரவு பதினொன்றுக்குக் கேட்டார்:
"அந்தத் துளைகளின் அளவு எழுதி வைத்தீர்களா?"
இல்லை.
கதவையும் தேக்கையும்தான் எழுதினேன்.
"முழத்துக்கு ஒன்று" என்றேன்.

"யார் முழம்?" என்று கேட்டார்.